சாவியண்ணனின் ஏழு அலுமாரிகள்

மலையகத்தில் இருக்கும் எல்லாப் பூட்டுகளையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்திருந்தால் இந்த மலைகளில் ஒரு குண்டூசிகூடத் தொலைந்திருக்காது. ஒரு குண்டூசிகூட யாருக்கும் பயன்பட்டும் இருக்காது. அந்த ஆள் எங்கள் சாவியண்ணன்.

சாவி என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவருடைய உண்மைப் பெயர் எங்கள் பாடசாலையில் அதிபருக்கு மட்டும் தெரியும் என்று நம்பினோம். வேலை, ஆய்வுகூட உதவியாளர். இடுப்பில் ஒரு இரும்பு வளையம், அதில் இருபத்தேழு சாவிகள். மூடுபனி ஜன்னல் வழியாக வந்து, பாடத்தைக் கேட்டுவிட்டு, கதவு வழியாக வெளியேறும் வகுப்பறைகள் எங்களுடையவை. அதனால் அவரைக் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதே அதிகம். 'சலக் சலக்' என்று கேட்டால் பையன்கள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். அது அவர்களுடைய சொந்தச் சோற்றுப் பெட்டியாக இருந்தாலும் சரி.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால், தேயிலைக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது அந்தக் கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை. வெள்ளைக்காரச் சாமிமார் குதிரையில் வந்து தொடங்கியது. முதலில் தோட்டத்துக் கிளாக்கர்மாரின் பிள்ளைகள் படித்தார்கள், பிறகு கடைக்காரர்களின் பிள்ளைகள், எல்லாருக்கும் கடைசியாக லயத்தில் குடியிருந்த தொழிலாளர்களின் பிள்ளைகள். பின்னர் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சாமிமாரும் ஊர் திரும்பினார்கள். அவர்கள் விட்டுப்போனவை நான்கு: வாசலில் மாதா சொரூபம், இன்றுவரை ஒருவரும் சரியாக உச்சரிக்காத விளையாட்டு இல்லப் பெயர்கள், காலைக் கூட்டத்தில் விபூதி பூசிய முக்கால்வாசிப் பேரும் தண்ணீராகச் சொல்லும் பரலோக மந்திரம், ஆய்வுகூடம்.

ஆண்கள் பாடசாலையில் உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எதிர் மேட்டிலுள்ள கன்னியர் மடத்துப் பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதப் பிரிவு கிடையாது. ஆகவே நாங்கள் நான்கு பெண்கள் விசேஷ அனுமதியில் இங்கே வந்தோம். பையன்கள் பதினொரு பேர். அனுமதிக் கடிதத்தில் எல்லாம் இருந்தது, கழிவறையைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. ஆசிரியைகளின் கழிவறைச் சாவி எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அரைச் செங்கல் அளவு மரக்கட்டை ஒன்றில் அதைக் கட்டி, இரண்டு வாரம் எங்கள் நடத்தையைக் கவனித்த பிறகே தந்தார்.

"தொலைச்சிர மாட்டீங்களே?"

"இந்தக் கட்டைய எப்பிடிண்ணே தொலைக்கிறது?" என்றாள் என் சிநேகிதி சுகந்தி.

"தொலைக்கிறவங்க ஆனையவே தொலைச்சிருவாங்க, புள்ள."

ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் கதவு வைத்த தேக்கு அலுமாரிகள் ஏழு. சாமிமார் காலத்தில் கப்பலில் வந்து, ரயிலேறி, வைக்கோல் அடைத்த பெட்டிகளில் மலையேறிய கருவிகள் அவற்றுக்குள் இருந்தன. கடைசி வெள்ளைக்காரச் சாமி புறப்படும்போது, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இவரிடம் வளையத்தைக் கொடுத்து, "பத்திரம். இனிமே கப்பல்ல வராது" என்றாராம். சாவியண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்று பூட்டியவர்தான்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறப்பார், தூசி தட்ட. சரஸ்வதி பூசைக்கு ஏழு அலுமாரிகளுக்கும் சந்தனம், குங்குமம். பாடசாலைத் திருநாளன்று பங்குச் சாமியைக் கையோடு கூட்டி வந்து அதே ஏழுக்கும் தீர்த்தம். "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிட்டா நல்லதுதானே?" என்பார்.

எங்களுக்குப் பாவிக்கக் கிடைத்தவை ஒரு பிஸ்கட் தகரத்தில் இருந்தன. நுனி போன பியூரட் குழாய் ஒன்று. பாதரசம் மூன்று துண்டாகப் பிரிந்து நின்ற வெப்பமானி ஒன்று. பீக்கருக்குப் பதில் ஜாம் போத்தல். மற்றதையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துப் படித்தோம். பௌதிகவியல் சேர் பிரம்போடு அலுமாரி முன்னால் நின்று, "இடப்பக்கம் ரெண்டாவது தட்டு, வேணியர் இடுக்கிமானி. எத்தன காட்டுது?" என்பார். நாங்கள் பதினைந்து பேரும் கழுத்தைச் சாய்த்து வாசிப்போம். 2.34 சென்ரிமீற்றர். அடுத்த வாரமும் 2.34. ஒரு வருஷம் முழுக்க 2.34. அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதே இன்று என் தொழில். அந்த அளவுக்குத் துல்லியமான வாசிப்பை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

ஒரு திருநாளுக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்தார், பெரிய டொக்டர். படித்த காலத்தில் தொட முடியாத நுணுக்குக்காட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார்.

"சேர் இப்ப டொக்டர்தானுங்களே?"

"ஆமா அண்ணே."

"அப்ப ஒங்க ஆஸ்பத்திரியிலயே இருக்குமே சேர்" என்று சொல்லி, கண்ணாடியில் பதிந்த டொக்டரின் விரல் அடையாளத்தைத் துணியால் துடைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு திங்கட்கிழமை, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உயரமான பெண்மணி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். எங்கள் பகுதியில் கணிதப் பிரிவு நடத்திய மூன்று பாடசாலைகளில் ஒன்றில் அந்தப் பிரிவை மூடிவிட்டு, பிள்ளைகளை ஹட்டனுக்கு மாற்றுவது திட்டம். எங்கே மூடுவது என்று பார்க்கவே வந்திருந்தார்.

எனக்கு இது பாடசாலையின் விஷயம் மட்டும் அல்ல. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் அறையில் வேலை. நான் உயர்தரத்தில் சேரும்போதே சொல்லியிருந்தார்: "இங்கனன்னா படி, வேணாங்கல. ஹட்டனுக்கெல்லாம் விட மாட்டேன். வகுப்பு முடிஞ்சு நீ வர்ற நேரத்துக்கு நம்ம தோட்டத்துக்கு பஸ் இல்ல." சண்டை போட இடமில்லாத காரணம். பஸ் நேரங்களை நானும் எழுதிப் பார்த்திருந்தேன். எப்படிக் கூட்டினாலும் கடைசி பஸ் எனக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே போய்விட்டது. இங்கே வகுப்பு மூடினால் என் படிப்பும் மூடியது.

அதிகாரி அலுமாரிகளைத் திறக்கச் சொன்னார். அதிபர் கையைப் பிசைந்தார். சாவியண்ணனுக்கோ அது வாழ்நாள் கனவு. ஏழையும் அகலத் திறந்து, மாப்பிள்ளைத் தோழன்போல ஓரமாக நின்றார்.

அதிகாரி ஒரு பியூரட்டைத் தூக்கிப் பார்த்தார். "கம்பனி ஒட்டின கடதாசி இன்னும் இருக்கே?"

"ஆமாங்க மேடம். பிய்க்க வுடல."

"கடைசியா எப்ப பாவிச்சீங்க?"

"பாவிக்கிறதா?" சாவியண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு புள்ளையக்கூட தொட வுட்டதில்லீங்க மேடம்! சாமி குடுத்தது குடுத்தபடியே இருக்கு. எண்ணிப் பாத்துக்கோங்க."

பின்வரிசையில் பௌதிகவியல் சேர் தலையில் கை வைத்தது எனக்குத் தெரிந்தது.

"நல்லது" என்றார் அதிகாரி. "அப்ப பாவிக்கிற பாடசாலைக்கே இதெல்லாம் போகட்டும். லேப் பாவிக்காத எடத்துல வகுப்பு எதுக்கு? வியாழக்கிழமை லொறியோட வர்றேன். அதுக்குள்ள சொல்றதுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

அவர் போன பிறகும் சாவியண்ணன் அதே இடத்தில் நின்றார். "மேடம் நல்லதுன்னுதானே சொன்னாங்க?" என்று அதிபரிடம் கேட்டார். அதிபர் தன் அறையைப் பார்த்து நடந்தார். யாரோ ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. சுகந்தி சொன்னாள்: "அண்ணே, நாங்க தொடலைன்னுதான் மூடப் போறாங்க."

மறுநாள் காலை, சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். ஏழு அலுமாரிகளையும் திறந்தார்.

"எடுங்க."

ஒருவரும் அசையவில்லை.

"எடுங்கங்கிறேன்ல. எல்லாத்தையும் எடுங்க. அழுக்காக்குங்க."

"அண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்றான் ஜெரால்ட். வகுப்பின் வாயாடி அவன்.

"டேய், நான் வாயத் தொறந்து கெடுத்துட்டேன். இனி நீங்க கையத் தொறந்து கெடுங்க."

பிறகு ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, மாதா சொரூபத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை.

இரண்டு நாள், பதினைந்து பேர், இருபத்திரண்டு பரிசோதனைகள். பட்டியல் போட்டது நான். என் வாழ்நாளில் போட்ட பட்டியல்களில் அதைவிட எனக்குப் பிடித்தது வேறு இல்லை. சுகந்தி முதலில் வேணியரை எடுத்துத் தள்ளினாள். "ஏய், இது அசையுதுடி!" என்று கத்தினாள். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். 2.35. அதற்குப் பிறகு 2.36. ஜெரால்ட் கைதட்டினான். இசைக்கவைகளைத் தட்டித் தட்டி ஒரு கோஷ்டி கச்சேரியே நடத்தியது. பெர்மாங்கனேற்று மேசையில் ஊதாவாகவும், எங்கள் விரல்களில் மண்ணிறமாகவும், ஜெரால்டின் நெற்றியில் எப்படி என்று தெரியாமலும் ஏறியது.

வெளியே முக்காலியிலிருந்து அடிக்கடி குரல் வரும்.

"என்னா அது சத்தம்?"

"கரண்டிண்ணே."

"இப்ப?"

"அதே கரண்டிண்ணே."

பிறகு கரண்டி என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. என் கையிலிருந்த பெரிய பீக்கர். சாவிகள் சலசலக்க அவர் உள்ளே வந்தார். பூசையில் எழுந்து நிற்பதுபோல எல்லோரும் நின்றோம். அவர் குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"மன்னிச்சிருங்க சாவியண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான், அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் சொன்னதில்லை என்பது உறைத்தது.

அவர் அதைக் கவனித்ததாகவே காட்டவில்லை. "ஒண்ணுதானா ஒடைஞ்சிச்சு?"

"ஆமாண்ணே."

"ஒண்ணு பத்தாது புள்ள. மேடம் நம்ப மாட்டாங்க."

தானே ஒரு சோதனைக் குழாயை எடுத்தார். கை மேலே போனது. அங்கேயே நின்றது. கீழே வந்தது. "இது நல்ல சாமான்" என்று திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதுவும் நல்ல சாமான். நான்காவதாக, ஏற்கெனவே கீறல் விழுந்த ஒன்றைக் கண்டுபிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டார். அது தரையில் கிடந்த சாக்கின் மேல் விழுந்து உடையாமல் உருண்டது. அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. உடைக்கும் பொறுப்பை ஜெரால்டிடம் ஒப்படைத்தோம். அவனுக்கு முயற்சி எதுவும் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை. லொறி மேடேறும் இரைச்சல் கேட்டது. சாவியண்ணனுக்கு நாங்கள் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தோம்: எப்போது உடைந்தது என்று கேட்டால், போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று கலந்து சொல்ல வேண்டும். ஏழு தடவை ஒப்புவித்தார், பிழையே இல்லை.

அதிகாரி உள்ளே வந்ததும், உடைந்த துண்டுகளைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். "ஒம்பது சாமான், மேடம்."

"எப்ப ஒடைஞ்சது?"

"நேத்தும் முந்தாநேத்தும், மேடம்."

பௌதிகவியல் சேர் கண்களை மூடிக்கொண்டார்.

"இத்தன வருஷமா ஒண்ணும் ஒடையல. ரெண்டு நாள்ல ஒம்பதா?"

"ஆமாங்க. பொய் வரமாட்டேங்குது மேடம்." குரல் இறங்கிவிட்டது. "பூட்டினது நானு. புள்ளைங்க ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துச்சுங்க, நான்தான் தொறக்கல. லொறியில ஏத்தணும்னா என்னைய ஏத்திட்டுப் போங்க. இந்தப் பொம்பளப் புள்ளைங்களுக்கு வேற எடம் இல்லீங்க."

அதிகாரி என் மேசைக்கு வந்தார். நான், நிறம் மாறும் சொட்டைப் பிடிக்கும் நியமிப்புப் பரிசோதனையின் நடுவில் இருந்தேன். பியூரட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊதா இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன நிறம் வந்தா நிப்பாட்டணும்?" என்றார்.

"ஒரு நிமிஷம் பேசாதீங்க மேடம், இப்ப வந்துரும்" என்றேன்.

ஆய்வுகூடமே மூச்சை நிறுத்தியது. நான் அதைப் பிறகுதான் உணர்ந்தேன். அந்த நேரத்தில் எனக்கு அடுத்த சொட்டைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. சொட்டு விழுந்தது. குடுவை மெல்லிய ரோசா நிறமாக மாறி, அப்படியே நின்றது. அதிகாரியும் அப்படியே நின்றார். என் மண்ணிற விரல்களையும் ஜெரால்டின் நெற்றியையும் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்ள அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"லொறியத் திருப்பி அனுப்பிருங்க" என்றார் அதிபரிடம். "அடுத்த தவணை திரும்ப வருவேன். அப்ப இத விட அதிகமா ஒடைஞ்சிருக்கணும்."

சாவியண்ணன் இதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் வந்து நிற்பார்.

"இந்த வாரம் என்னா ஒடச்சீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"ஒண்ணுமே இல்லையா? படிக்கிறீங்களா, என்னா?"

வகுப்பு மூடவில்லை. அடுத்த வருஷம், எங்கள் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் அவர் ஓய்வுபெற்றுப் போனார். ஆய்வுகூடத்தில் அத்தனை அமைதி வந்து, ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

பௌதிகவியல் பரீட்சையன்று, பரீட்சை மண்டபமாக இருந்த கன்னியர் மடத்துப் பாடசாலை வாசலில், வெள்ளைச் சட்டையும் குடையுமாக நின்றார். எங்கள் நான்கு பேரின் பைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பயமா இருக்கா?"

"கொஞ்சம்ண்ணே."

"எல்லாம் தொட்டுப் பாத்ததுதானே புள்ள. போய் எழுது."

எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது, எங்கள் மலைக்கே உரிய சாய்ந்து அடிக்கும் மழை. மணியடித்து வெளியே வந்தோம். எங்கள் பைகள் நான்கும் குடைக்குக் கீழே ஒரு பொட்டு ஈரமில்லாமல் இருந்தன. சாவியண்ணன் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்.