வலது பெடலில் ஒரு டக்

ஒன்று இந்த வீட்டில் நான் இருக்க வேண்டும், இல்லை அந்த ‘டக்’ இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி, யார் போவதாக இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள்.

டக் என்பது என் சைக்கிளின் சத்தம். வலது பெடல் உச்சிக்கு வந்து கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு டக். அடுத்த சுற்றில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், உற்றுக் கேட்டால், யாரோ ஈரச் செருப்பை முறுக்கிப் பிழிவதுபோல ஒரு கிறீச். அலுவலகம் மூன்று கிலோமீட்டர். போவதற்கு அறுநூற்றுச் சொச்சம் டக், வருவதற்கும் அதே. எண்ணியவன் சொல்கிறேன். பக்கத்து மேசைக்காரர் பேனாவை அமுக்கினாலே நான் குனிந்து என் வலது காலைப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

இத்தனைக்கும் நான் விஷயம் தெரிந்தவன். இயந்திரங்களின் உபயோகக் கையேடுகளைத் தமிழில் எழுதுவதுதான் என் பிழைப்பு. சலவை இயந்திரம், மின்விசிறி, தண்ணீர் பம்பு. ‘வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால்’ என்று தொடங்கும் பத்தியை மட்டும் நூறு தடவையாவது எழுதியிருப்பேன். சொந்தமாக ஒரு திருகைக்கூடத் திருகியதில்லை. அது வேறு விஷயம்.

மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஊரில் பாதிப் பேருடைய தோளும் இடுப்பும் அவள் சொன்னபடி கேட்கும். வீட்டில் இருக்கும் ஒரு ஜோடி முழங்கால்தான் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் படிக் கைப்பிடியைத் தழுவிக்கொண்டு ஏறுவதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே ஒரு தாளில் பயிற்சிகளைப் படம் போட்டு எழுதி, கீழே முப்பது கட்டம் கிழித்து, ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். செய்த நாளுக்கு ஒரு டிக் அடிக்க வேண்டும். நான் ஃபிரிட்ஜைத் திறக்கும்போது ஜன்னல் பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டேன். அந்த வகையில் கழுத்துக்கு நல்ல பயிற்சி.

அதனால் பந்தயம் அந்தத் தாளின் மேலேயே விழுந்தது.

“சத்தத்தை நானே கண்டுபிடிச்சு நிறுத்திட்டா?”

“தாளைக் கிழிச்சுடறேன். முட்டி பத்தி இந்த வீட்டுல பேச்சே இருக்காது.”

“நிறுத்த முடியலைன்னா?”

“ஆயுசு முழுக்க அதுல இருக்கறதைச் செய்யணும். ஒரு மாசம் டைம்.”

தானும் உதவுவதாகச் சொன்னாள். பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

முதலில் மூன்றாவது தெருவில் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதிகம் பேசாதவர். போன வருஷம் தூக்கவே முடியாமல் இருந்த அவர் கையை என் மனைவிதான் தூக்க வைத்தாள். அந்த மரியாதையில் உடனே ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பினார். சத்தமே இல்லை. நான் ஏறினேன். டக். அவர் ஏறினார். ஒன்றுமில்லை. நான் ஏறினேன். டக், கிறீச், டக்.

“சார் ஏறினாத்தான் வருது,” என்றார்.

அவருக்கு எடை போதாது, சைக்கிள் அவரைப் பொருட்படுத்தவில்லை என்று விளக்கினேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காலில் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். வாடிக்கையாளர் எதிரில் போன் பேசாத பண்பு எத்தனை பேருக்கு இருக்கிறது? வீட்டில் வைத்துப் பொறுமையாகத் தேடுவதுதான் நல்லது என்று ஒரு கருவிப் பெட்டியையும் இரவல் கொடுத்தார்.

ஹால் பட்டறையானது. சைக்கிளை டீபாய்மேல் கவிழ்த்தேன். செயினைக் கழற்றினேன். பால்ரஸ் குண்டுகளைக் கழுவினேன். ஒரு குண்டு சோபாவுக்கடியில் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தது. டக் மட்டும் எங்கும் போகவில்லை.

மனைவிதான் முறையாகத் தேட வழி சொன்னாள். நின்றுகொண்டு கேட்டால் சத்தம் தலைக்குக் கீழே போய்விடுமாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருவதுபோல் பாதிவரை இறங்கினால், காது பெடலுக்கு நேராக வரும். அங்கேயே முப்பது எண்ண வேண்டும்.

“முப்பது எதுக்கு?”

“சத்தம்னா கூப்பிட்ட உடனே வந்துடுமா? அதுக்கும் டைம் கொடுங்க.”

நியாயமாகத்தான் பட்டது. அது வராததால் அடுத்த சோதனை. சைக்கிளை நிறுத்தி, பக்கத்தில் மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு முழம் தூக்கி, பத்து எண்ணிவிட்டுப் பெருவிரலால் பெடலைத் தட்ட வேண்டும். பெடலின் பழைய நடுக்கம் அடங்கத்தான் பத்து என்றாள். கருவிப் பெட்டியால் ஹாலில் எண்ணெய்க் கறை படுகிறது என்று அதை மொட்டை மாடிப் படியின் உச்சியில் வைத்துவிட்டாள். ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் கீழே இறங்கலாம். ஸ்பேனருக்கு ஒரு தடவை ஏறி இறங்கினேன். சின்ன ஸ்பேனருக்கு ஒரு தடவை. எடுத்தது தப்பான ஸ்பேனர் என்பதால் இன்னொரு தடவை. நடுவில் ஒருநாள் சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றச் சொன்னாள். அதையும் செய்தேன்.

வேலையில் மனம் நிற்கவில்லை. பம்புக் கையேட்டில், சத்தம் கேட்டால் அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும் என்று எழுத வேண்டிய இடத்தில், மனம் தளராமல் தேடவும் என்று எழுதியிருக்கிறேன். மேலாளர் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்.

இருபத்துநான்காம் நாள் சாயங்காலம், அலுவலகத்திலிருந்து பாதி வழி வந்தபிறகுதான் உறைத்தது. எண்ணுவதற்கு எதுவும் இல்லை. நிறுத்தினேன். திரும்பிப் பின்னால் கொஞ்சம் ஓட்டினேன். மறுபடி முன்னால் ஓட்டினேன். நிசப்தம். அன்று காலைதான் சீட்டுக்கடியில் ஒரு திருகைக் கால் சுற்று இறுக்கியிருந்தேன். குற்றவாளி அதுதான். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினேன்.

“சீட் திருகு,” என்றேன். “நானேதான் கண்டுபிடிச்சேன். தாளைக் கிழி.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எட்டிப் படிக்கட்டைப் பார்த்தாள், கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு மறுபேச்சில்லாமல் தாளைக் காந்தத்திலிருந்து எடுத்து என்னிடமே நீட்டினாள்.

“உங்க கையாலேயே கிழிங்க.”

கிழிக்கும் முன் ஒரு தடவை பார்த்தேன். மூன்று மாதத்தில் முதல் தடவை. முதல் படம்: சுவரில் முதுகு, பாதி இறக்கம், முப்பது எண்ணவும். இரண்டாவது: மல்லாந்து படுத்து, கால் மடக்காமல், பத்து எண்ணவும். மூன்றாவது: மாடிப்படி, ஏறி இறங்கவும். கீழே கட்டங்களில் இருபத்துநான்கு டிக். எல்லாம் அவள் கையெழுத்து.

“அப்ப அந்த டக்...”

“கடைக்காரர் அன்னைக்கே போன் பண்ணிட்டாரு. சைக்கிள் நல்லாயிருக்கு, சாரைத்தான் பார்க்கணும்னாரு.”

தாளை நான்காகக் கிழித்தேன். எப்படியும் பந்தயத்தில் ஜெயித்தவன் நான். இனி முட்டி பற்றி இந்த வீட்டில் பேச்சு கிடையாது. அந்தத் திருப்தியோடு, டீபாய்மேல் கிடந்த ஸ்பேனரை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைக்கக் கையை உயர்த்தினேன். தோளுக்கு மேல் கை போகும்போது எங்கேயோ ஒரு சின்ன கிறீச்.

மனைவி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள்.

“ஏங்க, ஹேண்டில்பார்ல என்னமோ கிறீச்னு கேக்குதே.”

நான் ஏற்கெனவே சைக்கிளைத் தூக்கி வரப் படி இறங்கிக்கொண்டிருந்தேன்.