ஹால் பல்பும் பதினோரு அறிவிப்புத் தாள்களும்

2024 ஆகஸ்டு 25, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்கு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். 6.00 மணிக்குக் காப்பி. 6.40 முதல் 7.15 வரை செருப்பு அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். வெயில் கடுமை, மழைக்கு அறிகுறி இல்லை. அன்று மதியம் 2.00 மணி வரை என் நாட்குறிப்பில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு உள்ள ஒன்றரைப் பக்கத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. (காட்டத் தேவையும் இல்லை. எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.)

நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். எந்த போல்ட் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் என் தம்பி முருகேசன் ஊரில் பருத்தியும் குதிரைவாலியும் போடுகிறான். அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மாப்பிள்ளைக்கு விவசாயம் என்றதுமே வந்த ஜாதகங்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அதையும் தாண்டிக் கடைசியாக வந்த ஒரு குடும்பம், வீடு ரொம்பப் பழசாக இருக்கிறது என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அதன் பிறகு பரளச்சியிலிருந்து வந்தது சுமதியின் ஜாதகம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்துப்போயிற்று. பெண்ணைப் பெற்றவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்வதுதான் பாக்கி. "இதான் கடைசி மதினி. இதுவும் இல்லைன்னா என்னைய விட்ருங்க" என்று முருகேசன் என் மனைவி வசந்தாவிடம் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிறவன்.

வீடு பழசு என்ற பேச்சு இனி வரக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். சுவரை இடித்துக் கட்ட முடியாது, பல்பை மாற்றலாம். போனில் தொட்டால் எரியும் ஸ்மார்ட் பல்புகள் ஏழு வாங்கி மாட்டினேன். ஹாலில் இருந்த டியூப் லைட்டில் டியூபை மட்டும் கழற்றி, "ஹால் டியூப். நல்ல நிலை" என்று சீட்டு ஒட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ("குண்டு பல்பு போதும்ணே" என்றான் முருகேசன். அவன் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை.)

பல்புகளோடு ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதற்கு மேல், வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஆள்வதற்கென்று ஹப் என்ற இன்னொரு பெட்டியும் வாங்கியிருந்தேன். போன் ஹப்பிடம் சொல்லும். ஹப் சின்னப் பெட்டியிடம் சொல்லும். சின்னப் பெட்டி பல்பிடம் சொல்லும். நடுவில் ஓர் ஆள் எதற்கு என்பது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பல்புகளை நேராக ஹப்போடு இணைக்கலாம் என்று படித்திருந்தேன். பெண் வீட்டார் வரும் நாளில், மதியம் 2.00 மணிக்கு, அந்த வேலையில் உட்கார்ந்தேன்.

முறை எளிது. பல்புக்கு ஓர் எஜமான்தான். பழைய எஜமானை அது மறக்க வேண்டுமானால் சுவிட்சை ஆறு முறை அணைத்துப் போட வேண்டும். மறந்ததும் வெளிச்சம் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து மினுக்கும். அந்த நேரத்தில் ஹப்பைத் தேடவிட்டால் பிடித்துக்கொள்ளும். அதன்பின் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அணைப்பதும் ஏற்றுவதும் போனில்தான். கரண்ட் போய் வந்தால் அணைந்திருந்த பல்பு அணைந்தே இருக்கட்டும் என்றும் அமைத்தேன். 3.40க்கு ஏழும் முடிந்தன. சுவிட்சுகளை யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாளில் "தொடக் கூடாது" என்று எழுதி ஒட்டினேன். பல்பு ஏழு, தாள் பதினொன்று. (விசிறி சுவிட்சுக்கும் பழைய டியூப் சுவிட்சுக்கும் ஒரு முன்னெச்சரிக்கையாக.)

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். எங்கள் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடும். டியூப் லைட் ஒரே தட்டில் எரிந்த வீடு கிடையாது. ஐந்தாறு தட்டு தட்டினால்தான் பிடிக்கும். இந்த ஊர் விரல்களுக்கு அது பிறவிப் பழக்கம்.

5.20க்குப் பூ வாங்கிக்கொண்டு வந்த வசந்தா ஹால் சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. மேலும் தட்டினாள். நான் கொல்லையிலிருந்து ஓடி வருவதற்குள் ஆறும் முடிந்து, பல்பு மினுக்கி, பிறகு நன்றாகவே எரிந்தது.

"அது இப்ப ஹப்பை மறந்துருச்சு வசந்தா."

"எரியுதுல்ல? விடுங்களேன்."

அவள் சொன்னபடி விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆறு பல்பு என் சொல் கேட்க, ஒன்று மட்டும் தன்னிஷ்டத்துக்கு எரிவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதை மறுபடியும் இணைத்து, போனில் அணைத்து வைத்தேன். போகிற போக்கில் வசந்தா, எரியாத விளக்குக்கு சுவிட்ச் எதற்கு என்று அதை அணைத்துவிட்டுப் போனாள். நான் கவனிக்கவில்லை.

ஆறு மணிக்கு ராகு காலம் முடிந்தது. 6.20க்கு சுமதியின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். ஒற்றை ஜன்னல் ஹால், நன்றாக இருட்டிவிட்டது. அவர்கள் உள்ளே கால் வைக்கும் நொடியில் வீடு முழுக்க ஒரே தொடுகையில் எரிய வேண்டும் என்பது என் திட்டம். தொட்டேன். அடுப்படி எரிந்தது. அறைகள் எரிந்தன. கொல்லை எரிந்தது. குளியலறை பளீரென்று எரிந்தது. ஹால் எரியவில்லை. வந்தவர்கள் இருட்டில் நின்றபடி எங்கள் குளியலறையையும் அதில் இருந்த சிவப்பு வாளியையும் பார்த்தார்கள்.

பல்பு கிடைக்கவில்லை என்றது போன். நாற்காலியில் அவர்களை உட்காரவைத்துவிட்டு ஹப்பை அணைத்துப் போட்டேன். அது விழிக்க மூன்று நிமிடமாகும். அந்த நேரத்தில் சுமதியின் அம்மா தன் போன் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"ஏங்க, தொடக் கூடாதுன்னு எழுதியிருக்காக. எல்லாச் சுவத்துலயும் இருக்கு. எர்த்து அடிக்கும்போல."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். பிறகு ஏன் எழுதியிருக்கிறது என்று கேட்டார். விளக்கத் தொடங்கினேன். எஜமானைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஈரக்கையோட புழங்குற பிள்ளை நம்ம சுமதி. வாங்க, இன்னொரு நாளைக்கு வருவோம்."

இன்னொரு நாள் என்றால் என்ன என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். வசந்தா தட்டோடு அப்படியே நின்றாள். முருகேசன் தூணோரம் தலையைக் குனிந்துகொண்டான். என் உள்ளங்கை வியர்த்து, போன் என் விரலையே ஏற்கவில்லை.

சுமதியின் அப்பா அதிகம் பேசாதவர். எழுந்து சுவிட்சருகே போனார். "சோக்கு மக்கர் பண்ணும் தம்பி. நம்ம வீட்லயும் இப்படித்தான்" என்று தட்டத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"ஐயா, அஞ்சோட நிறுத்திருங்க" என்றேன். பெண் கொடுக்க வந்தவரிடம் நான் வைத்த முதல் கோரிக்கை அது. அவர் ஆறு தட்டினார்.

பல்பு மினுக்கத் தொடங்கியது. ஹாலில் எல்லார் முகமும் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. ஒவ்வொரு முறை தெரியும்போதும் சுமதியின் அம்மா வாசலுக்கு ஓரடி பக்கத்தில் இருந்தார்.

"மூணே நிமிசம், ஹப்பு பிடிச்சிரும்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். முருகேசன் அறைக்குள் போனான். கட்டிலுக்கு அடியிலிருந்து டியூபை எடுத்து வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறினான். சுமதியின் அப்பா குனிந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"கெணத்துல தண்ணி எத்தன அடியில கெடக்கு தம்பி?"

"இப்ப அறுவது. கோடையில எம்பதுக்குப் போயிரும்ங்க."

"மோட்டாரு ரிப்பேருக்கு டவுனுக்கா போறீக?"

"பெரும்பாலும் நானே பாத்துக்குருவேன்."

மினுக்கல் வெளிச்சத்தில், வெளிச்சம் இருக்கும்போது கையை வைத்து, இல்லாதபோது காத்திருந்து, அவன் டியூபைத் திருகி மாட்டினான். சுமதியின் அப்பா ஸ்டூலிலிருந்து ஒரு கையை எடுத்து, டியூப் சுவிட்சின் மேல் இருந்த என் தாளைக் கிழித்தார். தட்டினார். ஐந்தாவது தட்டில் பிடித்துக்கொண்டது.

விளக்கு எரிந்ததும் எல்லாரும் பழக்கத்தில் கும்பிட்டோம். வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்ட சுமதியின் அம்மாவும் கும்பிட்டார்.

"எறங்குங்க மாப்ள" என்றார் சுமதியின் அப்பா.

வந்ததிலிருந்து அவனைத் தம்பி என்றே கூப்பிட்டவர். சுமதியின் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வசந்தாவிடம் தண்ணீர் கேட்டார். என் சட்டைப் பையில் போன் அடித்தது. ஹப் விழித்து, புதிய பல்பு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது.

சுமதி இப்போது இந்த வீட்டில்தான் இருக்கிறாள். நான் எதையாவது விளக்கத் தொடங்கி அது நீண்டுவிட்டால், சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோய், "ஆறு தட்டு தட்டவா மாமா?" என்பாள். வசந்தா அடுப்படியிலிருந்து எண்ணத் தொடங்குவாள். பரளச்சிக்குப் போனால் என் சம்பந்தி எனக்கு நாற்காலி போடுவதற்கு முன், அந்த வீட்டில் எந்தெந்தச் சுவிட்சைத் தொடலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்.

ஆகஸ்டு 26, திங்கட்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. மிச்சம் இருந்த பத்துத் தாள்களையும் முதலில் கிழிக்க வேண்டும் என்று ஹாலுக்கு வந்தேன். அவை கிழிக்கப்பட்டு, ஓரம் சேர்த்து அடுக்கி, என் நாட்குறிப்பின் மேல் வைக்கப்பட்டிருந்தன. முருகேசன் ஸ்டூல் மேல் நின்று ஈரத்துணியால் டியூபைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.