நாற்பத்து நாலு துடிப்பும் ஒரு சிவப்பு ரிப்பனும்

ஓடுவது எனக்குப் பிடிக்காது. இதை ஒரு குறையாக நினைத்துச் சொல்லவில்லை, கொள்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் விளையாட்டு நாள் வந்தால் மைக் செட்டுக்குக் காவல் இருக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். கல்யாணமான புதிதில் சென்னைக்குப் போகக் கப்பல் ஏற வந்தோம். ஏணியை எடுக்கப் போகிறார்கள் என்று துறைமுக ஜெட்டியில் எல்லோரும் பெட்டியும் கையுமாக ஓடினார்கள். நான் நடந்துதான் போனேன். என் மனைவி ஜமீலா கப்பலில், நான் ஜெட்டியில், கப்பல் கடலில். (அடுத்த கப்பலில் நான் போய்ச் சேர்ந்தபோது மாமனார் வீட்டில் என்னை வரவேற்ற விதத்தை இங்கே எழுத முடியாது.)

அபர்டீன் பஜாரில் எங்களுக்குக் குடைக்கடை. குடை, ரெயின்கோட், கம்பூட். வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற போர்ட் பிளேரில் இந்த வியாபாரத்துக்கு நாம் ஓட வேண்டியதே இல்லை, நனைந்துகொண்டு வாடிக்கையாளர்தான் ஓடி வருவார். என் வாப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்த கடை. அவர் உட்கார்ந்த மர நாற்காலியில்தான் நானும் உட்காருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிலேயே சாய்ந்து ஒரு தூக்கம் போடுவதும் அவரிடமிருந்து வந்த பழக்கம். அப்படித் தூங்கிய ஒரு மதியத்தில்தான் வாப்பா எழுந்திருக்காமல் போனார். பாய் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று அன்றைக்கு இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மகள் ரிஸ்வானா சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினாள். மாட்டிய முதல் நாளே அது என்னை எழுந்து நடக்கச் சொன்னது. வந்த அன்றைக்கே அதிகாரம் செய்கிற விருந்தாளியை நான் மதிப்பதில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். தூக்கம் நன்றாகப் பிடிக்கிற நேரத்தில் மணிக்கட்டு அதிர்ந்தது. இதயத் துடிப்பு மிகவும் குறைவு, நாற்பத்து நாலு என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

வாட்ச் புதிது, இதயம் பழையது, எதில் கோளாறு என்று தெரியாமல் ரிஸ்வானாவுக்கு போன் போட்டேன்.

"வாப்பா, நெட்ல பார்த்துட்டேன். அறுபதுக்குக் கீழ போகக் கூடாதாம். ஓட்டப்பந்தயம் ஓடுறவங்களுக்கு மட்டும் அப்படி இருக்கலாமாம்."

"நான் ஓடுறவன் இல்லையேம்மா."

"அதான் வாப்பா பயமா இருக்கு!"

ஜமீலா சிரித்தாள். "நானும் கல்யாணம் ஆனதுலருந்து சொல்லிக்கிட்டுதான் இருக்கேன் மச்சான், நீங்க எல்லாத்துலயும் மெதுன்னு. இப்ப மிசினும் சொல்லிருச்சு." சொன்னவள் பக்கத்தில் வந்து என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு போய்விட்டது. "அடிக்கறது நல்லாத்தான் அடிக்குது. ஆனா அடுத்தது எப்ப வரும்னு நாமதான் காத்துக்கிட்டு நிக்கணும் போல" என்றாள்.

வாப்பா போன வயதை நான் அந்த வருடம்தான் எட்டியிருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. மதியத் தூக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டேன். அதே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து வாட்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். பயந்தால் எழுபது காட்டும். எழுபதைப் பார்த்ததும் நிம்மதி வரும். நிம்மதி வந்ததும் நாற்பத்து நாலுக்கு இறங்கும். உடனே மறுபடி பயம், மறுபடி எழுபது. (குடை கேட்டு வந்தவர்கள் ரெயின்கோட்டோடு போனது இந்தக் காலகட்டத்தில்தான்.)

விஷயம் வெளியே தெரிந்ததும் பார்க்க ஆள் வர ஆரம்பித்தார்கள். இந்தத் தீவில் யாருக்கு என்ன நோய் என்றாலும் எல்லோரும் சொல்கிற மருந்து ஒன்றுதான்: மெயின்லேண்ட், அதாவது கடல் தாண்டி இந்தியக் கரை. வங்காளி வந்தாலும் தெலுங்குக்காரர் வந்தாலும், "மெயின்லேண்ட் ஜாவோ பாய்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அப்படிப் போகிற பட்சத்தில் வரும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று சொல்வார்கள். ஒருவர் மிக்ஸி ஜார் கேட்டார். நான் திரும்பி வருவேன் என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான் என்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

முதலில் உள்ளூரில் பார்ப்போம் என்று ஜமீலா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மலையாளி, தமிழும் ஹிந்தியும் கலந்து நன்றாகப் பேசுவார்.

"நீங்க ஓடுவீங்களா?"

"கப்பலைப் பிடிக்கக்கூட ஓடினதில்லை டாக்டர்."

"தலைசுத்து, மயக்கம், மூச்சு வாங்கறது?"

"ஒண்ணும் இல்லை."

ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார், எக்கோ எடுத்தார். "சப் டீக் ஹை. எல்லாம் சரியா இருக்கு. அத்லெட்டுக்கு ஹார்ட் இப்படித்தான் மெதுவா அடிக்கும். ஓடாத சில பேருக்கும் பிறவியிலயே இப்படி இருக்கும். மயக்கம் வந்தா மட்டும் உடனே வாங்க. மத்தபடி டென்ஷன் வேணாம்" என்றார். ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. மாத்திரை எழுதாத டாக்டரை எப்படி நம்புவது? அவர் சொன்னதில் அத்லெட்டைப் பற்றியது மட்டும்தான் எனக்குள் இறங்கியது.

அன்றிரவு என் வியாபாரி மூளை கணக்குப் போட்டது. அத்லெட்டுக்கு நாற்பத்து நாலு இருந்தால் ஆபத்தில்லை. எனக்கு நாற்பத்து நாலு இருக்கிறது. ஆக, துடிப்பைக் கூட்ட வேண்டிய தேவை இல்லை, நான் அத்லெட் ஆகிவிட்டால் போதும். சரக்கு ஏற்கனவே குடோனில் இறங்கிவிட்டது, கடையைத் திறப்பதுதான் பாக்கி. இவ்வளவு தெளிவாக நான் எந்த விஷயத்தையும் அதற்கு முன்னால் யோசித்ததில்லை, பின்னாலும் யோசித்ததில்லை.

மறுநாளே ஓட்ட ஷூ வாங்கினேன். என் அளவில் ஆரஞ்சு நிறம்தான் இருந்தது. பக்கத்து மிட்டாய்க்கடை பிஸ்வாஸ் தாதா (வங்காளிகளுக்கு அண்ணன் என்றால் தாதா) அதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த ஜிலேபிக் கரண்டியோடு வெளியே வந்தார்.

"அரே காதர் பாய், யே க்யா ஹை?"

"டாக்டர் சொல்லிட்டாங்க தாதா. எனக்கு அத்லெட்டோட ஹார்ட்டாம்."

அவ்வளவுதான் சொன்னேன். மாலைக்குள் அபர்டீன் பஜார் முழுக்க, "காதர் பாய் கா தில், அத்லெட் வாலா தில்", காதர் பாயின் இதயம் அத்லெட் இதயம் என்று ஆகிவிட்டது. எதிரே வருகிறவர்கள் என் நெஞ்சைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது! குடை விற்கிறவனின் நெஞ்சை யார் இதுவரை திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்? அந்த உற்சாகத்தில், பஜார் வியாபாரிகள் வருடாவருடம் நடத்துகிற ஓட்டப் போட்டியில் பிஸ்வாஸ் தாதா என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்காததற்குக் காரணம் பெருமை மட்டும் இல்லை. இந்த ஓட்டத்தை முடித்துவிட்டால் அந்த நாற்பத்து நாலு முறைப்படி எனக்குச் சொந்தம். பிறகு வாப்பாவின் நாற்காலியில் பயமில்லாமல் கண்ணை மூடலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பயிற்சியும் எடுத்தேன். காலையில் கடையிலிருந்து மணிக்கூண்டு வரை வேகமாக நடந்து, அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். (கடையில் நின்று எட்டிப் பார்த்தாலே மணிக்கூண்டு தெரியும். அதை விடுங்கள்.)

ஸ்டேடியம் வாசலில் புறப்பட்டு, கடலோரச் சாலையில் கார்பைன்ஸ் கோவ் கடற்கரைப் பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பி அதே வாசலுக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலை, எங்கள் ஊரில் சீக்கிரமே வந்துவிடுகிற வெயில். வாசலில் பேண்ட் வாத்தியம், சிறப்பு விருந்தினர், கையில் மைக்கோடு பிஸ்வாஸ் தாதா, பிளாஸ்கில் டீயோடு ஜமீலா. விசில் ஊதினார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் ஆரம்பத்தில் மெதுவாக ஓடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கப்பலைப் பிடிப்பதுபோல ஓடினேன். முதல் வளைவு வரை நான்தான் முதல் ஆள். மைக்கில் தாதா அலறியது எனக்குக் கேட்டது.

வளைவு தாண்டியதும் வாட்ச் அதிர்ந்தது. துடிப்பு மிகவும் அதிகம், நூற்று எழுபது! கால் இரண்டும் வேறு யாருடையதோ ஆகிவிட்டன. கடல் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்தேன். எல்லோரும் தாண்டிப் போனார்கள். கடைசியாக, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போனில் யாருக்கோ மீன் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தபடி ஓர் அம்மாள் தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது.

"சாச்சா, அந்தர் லேட் ஜாவோ" என்று உதவியாளர் என்னை உள்ளே படுக்க வைத்தார். மூச்சு வாங்குவதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஓட்டம் முடியும்வரை இப்படியே படுத்திருங்கள், போட்டிக்குப் பின்னாலேயேதான் போக வேண்டும் என்றார். உள்ளே ஏசி. மெத்தை சுத்தமாக இருந்தது. மீன் குழம்பு அம்மாளின் வேகத்தில் வண்டி தொட்டில்போல ஆடி ஆடிப் போனது. பக்கத்தில் ஆம்புலன்ஸ்காரரே உட்கார்ந்திருக்கிறார், இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று தோன்றியது. பல வாரமாகத் தூங்காத மதியத் தூக்கம் எல்லாம் சேர்ந்து வந்தது. தூங்கிவிட்டேன்.

திரும்பி வருகிற வழியில் அந்த உதவியாளர் ஒரு கடமைக்காக என் விரலில் துடிப்பு பார்க்கிற கிளிப்பை மாட்டிப் பார்த்திருக்கிறார். சற்றுமுன் நூற்று எழுபது காட்டிய மனிதர், கண் மூடிக் கிடக்கிறார், துடிப்பு நாற்பத்து நாலு. பாவம், அவர் என்ன செய்வார்?

சைரன் சத்தத்தில் விழித்தேன். ஐயோ, யாருக்கோ உயிர் போகிறது போலிருக்கிறதே என்று துஆ கேட்டேன். வண்டி பறந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மேடு, ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஸ்டேடியம் வாசலை விட்டால் வேறு வழி இல்லை. ஓடுகிறவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக ஒதுங்கி வழி விட்டார்கள். எல்லோருக்கும் முன்னால், ரிப்பனைத் தொட இன்னும் சில எட்டுகளே இருந்த கார் நிக்கோபார் தீவு வாலிபரும் துள்ளி ஒதுங்கினார். ஆம்புலன்ஸ் ரிப்பனை அறுத்துக்கொண்டு போனது. ரிப்பன் அறுந்தால் வாசிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்த பேண்ட் குழு கடமை தவறாமல் வாசித்தது. ரிப்பனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிஸ்வாஸ் தாதா, "ஃபர்ஸ்ட் ஆ கயா! ஃபர்ஸ்ட் ஆ கயா!" என்று, முதல் ஆள் வந்துவிட்டதாக மைக்கில் கூவினார்.

"யா அல்லாஹ், யார் பெத்த புள்ளையோ" என்று ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். வண்டி அவளைத் தாண்டியபோது பின்பக்கக் கண்ணாடியில் ஒரு ஆரஞ்சு ஷூ தெரிந்திருக்கிறது. பிளாஸ்கைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி மேடு முழுக்க ஓடியே வந்தாள் என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஓடுகிறவள் எப்போதும் அவள்தான்.

அதே டாக்டர். ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "எப்ப மயங்கினீங்க?" என்றார்.

"மயங்கல டாக்டர். தூங்கிட்டேன்."

உதவியாளர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறுபடியும் ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் என் வாட்சை வாங்கி, அன்று காலை துடிப்பு ஏறி இறங்கிய கோட்டை நிதானமாகப் பார்த்தார். "தேவைப்பட்டப்ப நல்லா ஏறியிருக்கு. வேலை முடிஞ்சதும் சட்டுனு இறங்கியிருக்கு. பஹுத் படியா! இதுதான் நல்ல ஹார்ட். இந்த டெஸ்டை நான் மெசின்ல எடுத்திருப்பேன், நீங்க ரோட்டுல எடுத்துட்டீங்க."

அப்போதுதான் சொன்னேன், வாப்பாவைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் என் வயதைப் பற்றியும். டாக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவருக்கு வந்தது வேற, உங்களோடது வேற. அவர் பையன்ங்கறதால வருஷா வருஷம் வந்து காட்டிட்டுப் போங்க. ஆனா இந்த நாற்பத்து நாலு நோய் இல்லை பாய். இது உங்க சுபாவம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆரஞ்சு ஷூவோடு ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்து அழுதேன். மூச்சிரைக்க வாசலில் நின்ற ஜமீலா, "இம்புட்டு நாளா இதையா மனசுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் கடைக்கு அந்த நிக்கோபார் வாலிபர் வந்தார். கழுத்தில் மெடல், கையில் ஆம்புலன்ஸ் கண்ணாடியில் சிக்கியிருந்த சிவப்பு ரிப்பன். நான் வெட்கத்தில் குடைகளுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை. "சாச்சா, மெடல் மேரா, ரிப்பன் ஆப்கா" என்று சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மெடல் என்னுடையது, ரிப்பன் உங்களுடையது. இதைவிட நேர்மையான தீர்ப்பை நான் கேட்டதில்லை.

அந்த ரிப்பன் இன்றும் வாப்பாவின் நாற்காலிக்கு மேலே தொங்குகிறது. ஜிலேபி வாங்க வருகிற டூரிஸ்டுகளை பிஸ்வாஸ் தாதா கூட்டி வந்து, படுத்துக்கொண்டே ஃபர்ஸ்ட் வந்தவர் என்று என்னைக் காட்டுவார். நான் மறுப்பதில்லை. உட்கார்ந்திருந்தால் எழுந்துகூட நிற்பேன். எங்கள் வீட்டில் யார் எங்கே தாமதமாகப் போனாலும், "காதர் வழியில் வந்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

போன மாதம் ரிஸ்வானாவுக்கு ஆபீசில் மருத்துவப் பரிசோதனை நடந்ததாம். நர்ஸ் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து, மறுபடி பிடித்துப் பார்த்து, "இவ்வளவு கம்மியா இருக்கே, ஸ்போர்ட்ஸ் பண்ணுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "நான் இல்லைங்க, எங்க வாப்பா. போர்ட் பிளேர்ல ஓட்டத்துல ஃபர்ஸ்ட் வந்தவங்க" என்று சொன்னாளாம் என் மகள். போனை வைத்ததும் ஜமீலாவிடம் ஓடிப் போய் (ஆமாம், ஓடித்தான்) சொன்னேன்.

"படுத்துக்கிட்டு வந்ததையும் சொன்னாளாமா?" என்றாள்.

"அதை நர்ஸ் கேக்கலையாம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.