வேலிக் கதவில் நிற்கும் இரும்புச் சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை யோம் ஜேஹா அவர்களுக்கு,

மாமனார் பியோ தொக்சு எழுதிக்கொள்வது. இங்கே வட எல்லை வேலியோரம் நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் எங்கள் சோராவும் சியோலில் அவ்வண்ணமே இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று. இனி நான் எழுதப்போவதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உங்கள் கம்பெனி செய்து ராணுவத்துக்கு விற்ற அந்த இரும்புச் சிப்பாய், நம் வயலுக்குப் போகும் வேலிக் கதவில் வந்து நின்ற நாளிலிருந்து எனக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. நான் ஊர்த்தலைவன் வேறு; என் மாப்பிள்ளை செய்தது என்று நானே பெருமையடித்து வைத்தது வேறு. புது வண்டிக்குச் செய்வதுபோல அதற்கும் பூஜை போட்டோம். பன்றித் தலை வைத்து, அதன் வாயில் பண நோட்டைச் செருகி, அரிசிக் கள் தெளித்து, இந்த எல்லைப் பட்டாளத்துக் கர்னல் முதற்கொண்டு விழுந்து கும்பிட்டோம். அது என்ன செய்தது தெரியுமா? பன்றித் தலையை உற்றுப் பார்த்து, "முகம் பதிவில் இல்லை. கையைத் தூக்கவும்" என்றது. கர்னல் சிரித்தார். சிரித்தது அன்றோடு சரி.

நம் ஊர்ப் பெண்கள் வயலுக்கு எப்படிப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சந்தைக்கு வரும் ஒரே லாரியில் வாங்கின பூப்போட்ட கால்சட்டை, பிடரி மறைக்கும் தொப்பி, வெயில் படாமல் கண்வரைக்கும் துணி. இது அத்தனை பேரையும் ஒரே ஆள் என்று முடிவுகட்டி, அடையாளம் தெரியாத ஒரு பெண் ஒரே நேரத்தில் முள்ளங்கி வயலிலும் கோஸ் வயலிலும் ஓடைக்கரையிலும் நிற்கிறாள் என்று மேலிடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டது. வடக்கிலிருந்து என்னமோ புதுவிதமாக வந்து இறங்கிவிட்டதென்று ஜீப் ஜீப்பாகப் பட்டாளம் ஓடிவந்து பார்த்தால், நம்ம பெண்கள் வரப்பில் உட்கார்ந்து கிம்பாப் சோற்றுச் சுருள் தின்றுகொண்டிருக்கிறார்கள்!

எல்லாரும் முகத்தைப் பதிவு செய்யணும் என்று உத்தரவு. போட்டோ எடுக்க டவுனுக்குப் போனோம். ஸ்டூடியோக்காரன் சும்மா இருப்பானா? வழக்கம்போலச் சுருக்கத்தைத் துடைத்து, தாடையைச் செதுக்கி, கண்ணைப் பெரிசாக்கி, உங்கள் அத்தையைச் சோராவுக்குத் தங்கை மாதிரி ஆக்கிக் கொடுத்தான். போனது போனோம் என்று, செத்தால் முன்னால் வைக்கிறதுக்கு அதே படத்தைப் பெரிசாகச் சட்டம் போட்டும் பெண்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை கதவுக்கு முன்னால் உங்கள் அத்தை துணியை அவிழ்த்துவிட்டு நின்றாள்.

"முகம் பொருந்தவில்லை."

"நல்லாப் பாருடா, நாந்தான்டா!"

"முகம் பொருந்தவில்லை. படத்தில் இருப்பவரை அழைத்து வரவும்."

பின்னால் நின்ற பக்கத்து வீட்டு ஒக்சுனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அக்கா, அந்தப் படத்துக் குமரி எங்க போனான்னு நீங்களுந்தானே தேடிக்கிட்டு இருக்கீங்க!"

உங்கள் அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே வீட்டுக்குப் போய்ச் சாவுப் படத்தைத் தூக்கிவந்து மூஞ்சிக்கு முன்னால் பிடித்தாள். கதவு திறந்தது! சல்யூட் வேறு! அப்புறம் கேட்பானேன்? ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவரவர் சாவுப் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையாக வயலுக்குப் போக, ஜீப்பில் எதிரே வந்த கர்னல் பதறி இறங்கி, தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார். "யாரு தவறினது?" என்று அவர் கேட்டதும் குட்டு உடைந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். உங்கள் அத்தை படத்தை டிராக்டர் மூக்கில் கட்டி உள்ளே ஓட்டிக் காண்பித்தேன். அதுக்கும் சல்யூட். கர்னல் முகம் செத்துப்போச்சு. கம்பெனி சரிபண்ணுகிறவரை கதவுக்குப் பூட்டு. கிம்ச்சி ஊறுகாய்க்கான கோஸ் மொத்தமும் உள்ளே நிற்கிறது. உறைபனி விழுந்தால் வருஷத்துப் பாடு போச்சு!

மாப்பிள்ளை, வயிறு எரிந்து சொல்கிறேன். பன்றியையும் டிராக்டரையும் மனுஷனென்று நம்பி, மனுஷியை இல்லையென்கிற ஜென்மத்தின் கையில் துப்பாக்கி எதற்கு? இதற்கு முன்னால் காவல் நின்ற பட்டாளத்துப் பையன்கள் மூடுபனியிலும் நடையை வைத்தே, "அத்தை, இடுப்பு வலி தேவலையா?" என்பார்கள். இப்போது கட்டாயப் பட்டாளச் சேவைக்கு வரும் பையன்கள் போதவில்லையாம், கர்னல் சொல்கிறார். சாக்கு! இருக்கிறவர்களை நிறுத்தட்டுமே. ரெண்டு பனிக்காலம் நின்றால் தேய்ந்தா போவார்கள்? நான் நிற்கவில்லையா? லாரி அனுப்புங்கள், இதை ஏற்றிவிடுகிறேன். ஆள் வரட்டும், கதவு திறக்கட்டும்.

சோராவுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, லாரி வந்த பிறகு.

இப்படிக்கு,
பியோ தொக்சு

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், சோரா போன் செய்தாள். நாலு மாதம் முடிந்துவிட்டதாம், ஆண் பிள்ளையாம்! இத்தனை நாள் சொல்லாமல் ரெண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மேலே எழுதியதில் ஒரு வரியையும் படிக்க வேண்டாம். லாரி வேண்டாம். கோஸ் உறைந்து தொலையட்டும். அந்தக் கதவில் பையன்களை நிறுத்தச் சொல்லி யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். ஜனவரியில் அங்கே நிற்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு இடது காலில் ரெண்டு விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, உங்கள் அத்தைக்குக்கூடச் சொன்னதில்லை. பேரனுக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது, மாப்பிள்ளை. அதற்குள் எப்படியாவது அந்தச் சனியனைச் சரிபண்ணுங்கள்.