காது மாமாவின் சீன எழுத்து

காது கேட்காதவர்களையெல்லாம் கடைக்கு வரவழைத்துத் தோப்புக்கரணம் போடவைத்த ஒரே மனிதர் மயிலாப்பூரில் எங்கள் காது மாமாதான். குளத்துக்குப் பின்தெருவில் காது கேட்கும் கருவி விற்கும் கடை அவருடையது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

கருவிகள் சீனாவிலிருந்து வந்தன. எனக்குச் சீனம் தெரியும் என்பதால் வேலை கிடைத்தது. பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனவள் சீனம் வரை போய்விட்டேன்.

ஒருநாள் பெட்டியிலிருந்த 耳 என்ற எழுத்தைக் காட்டினார். "இது என்னம்மா, ஏணியா?"

"காது சார். ஆதியில காதையே படமா வரைஞ்சாங்க. போகப் போக இப்படி ஆயிடுச்சு. பக்கத்துல ஒரு கையைச் சேர்த்தா 取. எடுக்கறதுன்னு அர்த்தம்."

மாமா துள்ளி எழுந்தார். "கை காதைப் பிடிச்சுண்டிருக்கா? தோப்புக்கரணம்! சீனாக்காரனும் புள்ளையார் பக்தன்தான்!"

"இல்ல சார், சண்டையில செத்த எதிரியோட காதை அறுத்து எடுத்துட்டு வருவாங்களாம். அதுலேர்ந்து வந்த..."

"சும்மா இரு! காதை நம்பிப் பொழைக்கற கடையில காதை அறுக்கறதாவது!"

மறுநாள் அந்த 取 சுவரில் ஆளுயரத்துக்கு ஏறியது. அதன் முன்னால் தோப்புக்கரணம் போடாமல் யாருக்கும் கருவி கிடையாது.

"முட்டி வலிக்கறது ஓய்!" என்று அலறினார் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்.

"அதுக்கு எதிர்க்கடையில தைலம் விக்கறான். நீர் போடும்! ரத்தம் பாஞ்சாத்தான் மெஷின் ஜம்முனு உக்காரும்."

இந்த நிலையில்தான் சீன நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். ஏஜென்சியைத் தொடர்வதா, வேண்டாமா என்று முடிவு செய்ய வந்தவர். அவர் வேண்டாம் என்றால் கடையை மூட வேண்டியதுதான். மாமா தந்த காபிக்கும் சிரிக்கவில்லை, போட்ட மாலைக்கும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. இதை ஏன் இங்கே எழுதினீர்கள் என்று என்னிடம் கேட்டு, காதருகே கையால் அறுத்துக் காட்டினார்.

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "அந்தக் காலத்துல நிஜமாவே காதை அறுத்தாளா?" என்றார் மாமா ஈனக்குரலில். அடுத்த கணம் கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்து, "தப்புதான்னு சொல்லும்மா!" என்று உட்கார்ந்து எழ ஆரம்பித்தார். சற்று நேரத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தவர் எழவில்லை.

ஆளுக்கொரு பக்கமாக நாங்கள் இருவரும் தூக்கி நிறுத்தினோம். தப்புச் செய்தவர் தன் காதைத் தானே பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம் என்று அம்மையாருக்கு விளக்கினேன்.

"எங்கள் வீட்டில் அம்மா வந்து பிடிப்பார்" என்றவர், கடகடவென்று சிரித்துவிட்டார். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்று போட்டுப் பார்த்தார். "இவரிடம் வந்தவர்கள் இவரை மறக்கமாட்டார்கள்" என்று ஒப்பந்தத்தை எடுத்தார். சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்க வேண்டுமாம்.

சாட்சிக் கையெழுத்து பாக்கி இருந்தது. எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட நான் எழுந்தேன்.

"எங்க போறே? நீ போடு. ரெண்டு பாஷையிலயும் போடு."

எங்கள் வீட்டில் எனக்கு முன் எல்லோரும் கைநாட்டு. மாமா பேனாவைத் திறந்து நீட்டினார். நான் மெதுவாக எழுதி முடிக்கும்வரை, மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காதபடி இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.