பெண் பார்க்க வந்தவர்களை ஓடவிட்ட நிரல்

பெண் பார்க்க ஆட்கள் வரும் நாளில், அந்த வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவர் யாராவது இருந்தால் வெளியூருக்கு அனுப்பிவிடுவது உத்தமம். எங்கள் வீட்டில் அனுப்பவில்லை.

அப்போது நான் பதுளையில் படித்து முடித்து, உலகத்தைத் திருத்தக் கிளம்பியிருந்த புதுசு. பூனாகலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு, மழைக்காலத்தில் யாரையும் நிம்மதியாக விடாது. அதனால் வீட்டுக்குப் பின்னால் கம்பம் நட்டு ஒரு மழைமானி பொருத்தினேன். அதிலுள்ள சின்னக் கிண்ணம் நிரம்பிக் கவிழும்போதெல்லாம் இணையத்தில் ஒரு செய்தி போகும். உடனே கிளவுட்டில், அதாவது எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களில், என் நிரல் விழிக்கும். மழை அளவு மிஞ்சியிருந்தால் லயத்திலுள்ள எல்லாப் போன்களையும் அழைத்து, நான் பேசிப் பதிந்துவைத்த எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். இதற்குப் பெயர் சர்வர்லெஸ். நமக்கென்று ஒரு மெஷினும் ஓட வேண்டியதில்லை என்று அப்பாவிடம் வெகுநேரம் பெருமை பேசினேன். (அவர் பாதியிலேயே தூங்கிவிட்டார்.)

அக்காவைப் பார்க்க ஹாலிஎலயிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். நல்ல வெயில். அக்கா தேத்தண்ணீரோடு வந்து நிற்கவும் அப்பாவின் போன் அடித்தது. என்னுடையதும் அடித்தது. பிறகு லயம் முழுக்க அடித்தது. எல்லாவற்றிலும் என் குரல்: "மண்சரிவு அபாயம். உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்க."

எங்கள் பக்கம் இதைக் கேட்டுவிட்டு யாரும் வானத்தைப் பார்த்து யோசிப்பதில்லை. மொத்த லயமும் ஓடியது. மாப்பிள்ளை வடைத் தட்டோடு ஓடினார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் போன்கள் ஓயவில்லை. ஒருமுறை அழைத்தால் போதும் என்று நிரலில் எழுத மறந்திருந்தேன். கிண்ணம் கவிழக் கவிழ மறுபடி மறுபடி அழைத்தது.

"வயரப் புடுங்கு புள்ள," என்றார் அப்பா.

"வயர் இல்லப்பா. மெஷினே இல்ல."

"இல்லாத மெஷினா இந்தக் கத்து கத்துது?"

கிளவுட்டுக்குள் நுழைந்து நிறுத்தலாமென்றால், அதற்கான ரகசிய எண் என் போனுக்கு வர வேண்டும். போனோ என் குரலிலேயே என்னை மிரட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மா, காலையில தொவச்ச போர்வைய எங்க காயப் போட்டீங்க?"

"ஒன்னோட கம்பத்துலதான். சும்மாதானே நிக்குது."

சொட்டிய தண்ணீர் முழுக்க மழைமானிக்குள் போயிருக்கிறது. லயமே என்னைத் திரும்பிப் பார்த்தது. சம்பந்தம் போச்சு என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா மூச்சு வாங்கியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கை இன்னும் அக்காவின் கைக்குள்தான் இருந்தது.

"என் மகன் வடையத் தூக்கிக்கிட்டு ஓடுறான். இந்தப் புள்ளதான் என்னைய விடாம இழுத்துக்கிட்டு வந்துச்சு," என்றார். "வேற என்னங்க பாக்கணும்? நாள் குறிங்க."

அங்கேயே வடையைப் பங்கு வைத்தோம். ஆளுக்குப் பாதிதான் கிடைத்தது.

நிரலை அன்றே திருத்தினேன். உண்மையான மழைக்கு இரண்டு தடவை ஒழுங்காக எச்சரித்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பேசி முடித்த கல்யாணமா, காதல் கல்யாணமா என்று யாராவது கேட்டால் போதும், அத்தான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்.

"ஓடிப்போயி கட்டிக்கிட்டோம்ங்க. ரெண்டு குடும்பமும் சேந்துதான் ஓடுனோம்."