ஊளையிட்ட கொடி

கி.பி. 358 ஏப்ரலில், டான்யூப் ஆற்றின் தென்கரையில், ஒரு குன்றுக்குப் பின்னால் ரோமானியக் குதிரைப்படையின் சேமப் பிரிவு ஒளிந்து நின்றது. தெற்கிலிருந்து காற்று அடித்தது.

காற்றுதான் தொல்லை. கொடிக்காரன் உர்சியோ பிடித்திருந்த நாகக்கொடிக்கு வெண்கலத்தில் தலை, பட்டுக் குழாயில் உடல். திறந்த வாய்க்குள் காற்றுப் புகுந்தால் ஊளையிடும். முன்னால் நிற்கும் காலாட்படை தடுமாறிக் கொம்பு ஊதும்வரை, இப்படியொரு படை இருப்பதே எதிரிகளான சர்மாட்டியர்களுக்குத் தெரியக் கூடாது.

"இன்னொரு தடவ அது கத்துச்சு, நாளையிலேருந்து நீ மூட்டைக் கழுதை ஓட்டுவ," என்றார் தளபதி டுல்சிடியஸ்.

உர்சியோவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கழுதைக்காரனுக்குப் பெண் கொடுக்கிற மாமனார் அல்ல அவனுக்கு வாய்த்தவர்.

நாகத்தின் வாயில் வைக்கோலை அடைத்தான். தளபதியின் குதிரை அதைத் தின்றுவிட்டது. தன் மேலங்கியைத் திணித்தான். ஊளை நின்று முனகல் தொடங்கியது.

"அதுக்கு என்னண்ணே, பல்வலியா?" என்றான் பக்கத்துக் குதிரையில் இருந்த மடோ.

அங்கியை உருவிவிட்டு, வால் நுனியை இறுக்கிக் கட்டினான். சத்தம் அடங்கியது. ஆனால் பட்டுக் குழாய் உப்பிக்கொண்டே போய், கட்டு அறுந்து, வால் தளபதியின் குதிரைக் காதில் சாட்டைபோல் அறைந்தது.

குதிரை தளபதியோடு பறந்தது. தளபதி போகும் பக்கம் போவதுதான் பயிற்சி. படை முழுவதும் பின்னால் பாய்ந்தது.

குன்றைத் தாண்டியதும் எதிரே சர்மாட்டியக் குதிரைவீரர்கள். விற்கள் உறையில் கிடந்தன. சிலர் கையசைத்தார்கள். கையசைத்தவர்கள்தான் முதலில் பிடிபட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் டுல்சிடியஸ் மூச்சிரைக்க உர்சியோவிடம் வந்தார். "கொம்பு ஊதுறதுக்கு முன்னாடியே எங்கள ஓட வச்சிட்டல்ல? போ, கழுதை காத்துக்கிட்டிருக்கு."

கைதிகளில் ரோமானியப் பேச்சுத் தெரிந்த கிழவன் ஒருவன் குறுக்கிட்டான்.

"அவர ஏன்யா திட்டுறீங்க? இந்த மாதிரிக் கொடியே எங்ககிட்டேருந்து நீங்க கத்துக்கிட்டதுதானே, எங்க படையிலயும் இதான் ஊளையிடும். காலையிலேருந்து ஊளை கேட்டுச்சு. எங்க சேமப்படைதான் குன்றுக்குப் பின்னாடி நிக்குதுன்னு நெனச்சுக் கூட்டிட்டுப் போக வந்தோம்."

கொடியை ஊளையிட வைத்தது தன் தந்திரம் என்று மேலிடத்துக்குத் தெரிவித்து டுல்சிடியஸ் தங்கச் சங்கிலி பெற்றார். அந்தத் தந்திரத்தைக் கெடுக்கும் நோக்கத்துடன் கொடியின் வாயை அடைத்த குற்றத்துக்காக உர்சியோ கழுதைகளிடம் அனுப்பப்பட்டான்.